கூட யார் வந்திருக்காங்க?

சென்னைக்கு வருகிற யாழ்ப்பாணத்தவர்கள் தி.நகரில் சேலை வாங்குவார்கள், மயிலாப்பூரில் கோயில் பார்ப்பார்கள், அடையாற்றில் பிள்ளையைப் பாட்டு வகுப்பில் சேர்த்துவிட்டுப் போவார்கள். எனக்கு வாய்த்தது பித்தப்பைக் கல். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை கிடைத்து, கணவரையும் மகனையும் ஊரில் விட்டுவிட்டு நான் மட்டும் வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஊர் சுற்றிப் பார்க்க லீவு கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கல் முந்திக்கொண்டது. ஆகவே இதுவும் பயணக் கட்டுரைதான், என்ன, பாதிப் பயணம் லிஃப்டில் நடந்தது.

மூன்று வாரமாக விட்டுவிட்டு வந்த வலி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மந்தைவெளிப் பிரியாணிக்குப் பிறகு விடாமல் பிடித்துக்கொண்டது. அபிராமபுரத்தில் நான் இருக்கிற தெருவின் முனையிலேயே ஒரு ஆட்டோ கிடைத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

"இன்னாமா, தனியாவா போற? கூட ஆளு யாரும் வர்லியா?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை. கெதியாப் போங்கோ."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "கேரளாவா?"

"யாழ்ப்பாணம்."

"அதான் பார்த்தேன், தமிழு நல்லா பேசுறியே" என்றார். மூவாயிரம் பக்கம் தமிழில் மொழிபெயர்த்துவிட்டு இந்தப் பாராட்டை வாங்கவும் ஒரு கொடுப்பினை வேண்டும். மெட்ரோ வேலைக்காக ஆழ்வார்பேட்டையிலிருந்து எல்லா ரோட்டையும் வெட்டிப் போட்டிருந்தார்கள். "நேரா போனா அஞ்சு நிமிஷம். ரோட்ட நோண்டி வெச்சிக்கீறான், சுத்திக்கினுதான் போவணும்" என்றார். சுற்றினோம். ஒரே இளநீர்க் கடையை இரண்டு முறை பார்த்தேன். இரண்டாம் முறை இளநீர்க்காரர் எங்களுக்குத் தலையாட்டினார்.

அடையாறுப் பக்கம் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நல்ல ஆஸ்பத்திரி. வாசலிலேயே சக்கர நாற்காலி கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு, தள்ளுவதற்கு ஆளைத் தேடினார்கள்.

"அட்டெண்டர் எங்க மேடம்?"

"என்ன டெண்டர்?"

"உங்க கூட யார் வந்திருக்காங்க?"

"நான்தான் வந்திருக்கிறன்."

"பேஷண்ட் யாரு?"

"அதுவும் நான்தான்."

நர்ஸ் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எங்கள் ஊர்ப் பெரியாஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வரும் சொந்தக்காரரை மணியடித்துத் துரத்துவார்கள். மணியடித்தும் போகாதவர்களைக் காவலாளி வந்து துரத்துவார். இங்கே நிலைமை தலைகீழ். அட்டெண்டர் என்ற ஒருவர் கூடவே இல்லாவிட்டால் நோயாளி நோயாளியே இல்லை. மருந்துச் சீட்டு அவர் கையில்தான் போகும். ஸ்கேனுக்குப் பணம் கட்ட அவர்தான் ஓட வேண்டும். டாக்டர் பேசுவதும் அவரிடம்தான். நோயாளி இடையில் படுத்திருக்கிற சாமான். ஒரு பங்களாதேஷ் குடும்பம் பக்கத்துக் கட்டிலில் இருந்தது. ஒரே நோயாளி, ஏழு அட்டெண்டர். ஒருவரைக் கடன் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன்.

டாக்டர் வந்தார். "எவ்வளவு நாளா வலி?"

இங்கேதான் நான் பிழைவிட்டேன். எங்கள் ஊரில் காலையில் நூறு பேர் வரிசையில் நிற்க, "இரண்டு நாளா வலி" என்று சொன்னால் வெள்ளைக் குளிசை இரண்டைத் தந்து அனுப்பிவிடுவார்கள். ஆகவே யாரும் உண்மையான கணக்கைச் சொல்வதில்லை. ஒரு வாரத்தை ஒரு மாதமாக்கி, ஒரு மாதத்தை ஒரு வருடமாக்கிச் சொன்னால்தான் டாக்டர் தலையை நிமிர்த்திப் பார்ப்பார். அவரும் மனதுக்குள் கழித்துக்கொள்வார். இது இரண்டு பக்கமும் தெரிந்த ஏற்பாடு. பழக்கதோஷத்தில், "ஒரு வருஷமா டொக்டர்" என்றேன். சென்னை டாக்டர் கழிக்கவில்லை. அப்படியே எழுதிக்கொண்டார்.

பித்தப்பை நிறையக் கல். சீக்கிரம் எடுத்துவிட வேண்டும், விட்டால் கல் வழுக்கிக் குழாயை அடைக்கும், உயிருக்கு ஆபத்து என்றார். இதை என்னிடம் சொல்லவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. சுவரைப் பார்த்துச் சொன்னார். ஊசி போட்டு வலியை அடக்கி, வியாழக்கிழமைக்குச் சத்திரசிகிச்சை என்று முடிவு செய்தார். இரண்டு நிபந்தனை. காப்புறுதிக் கம்பெனியின் அனுமதி வர வேண்டும். அட்டெண்டர் வர வேண்டும்.

கணவருக்குப் போன் பண்ணினேன். அவருடைய கடவுச்சீட்டு முடிந்துபோய், புதிதாக எடுக்க வரிசையில் நிற்கிறார். "வெளிக்கிட்டு வா, இஞ்ச ஒரு சதமும் செலவில்லாமல் வெட்டுவினம்" என்றார். வெட்டுவார்கள்தான். ஆனால் எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் நாலு மாதம் இருந்தது. நீண்ட லீவில் போனால் என் கதிரையில் வேறு ஆள் உட்கார்ந்துவிடும். அந்த வேலையில்தான் மகனின் படிப்பு நிற்கிறது. எனக்கு இந்த ஊரில்தான் வெட்ட வேண்டும். அதைச் சொல்லாமல், "பாப்பம்" என்று வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காப்புறுதிக்காகப் போனால், கடவுச்சீட்டைப் பார்த்ததும் மேல்மாடியில் வெளிநாட்டவர் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே சோபா, ஏசி, ரோஜாப்பூ எல்லாம் இருந்தது. அழகான ஒரு பெண் ஆங்கிலத்தில் வரவேற்று, "கவலைப்படாதீர்கள், உங்களுக்குச் சிங்கள மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்கிறேன்" என்றார்.

"எனக்குத் தமிழே போதும், பிள்ளை" என்றேன்.

"ஓ, தமிழும் தெரியுமா? சூப்பர் மேடம்."

என் காப்புறுதி இந்தியக் கம்பெனியுடையது என்று தெரிந்ததும் முகம் வாடி, திரும்பக் கீழே அனுப்பினார். நான் உடம்பால் வெளிநாடு, காப்புறுதியால் உள்நாடு. இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிற மேசை அந்தக் கட்டடத்தில் கிடையாது. கீழுக்கும் மேலுக்கும் அலைந்ததில் லிஃப்ட்காரர் என்னிடம் மகளின் மார்க்கு வரை சொல்லிவிட்டார். இடையில் கன்டீனில் ஒரு வடை கேட்டேன். சம்பலோ சட்னியோ வைத்துத் தருவார்கள் என்று பார்த்தால், வடையைச் சாம்பாருக்குள் முக்கி எடுத்துக் கரண்டியும் போட்டுத் தந்தார்கள். இந்த ஊரில் சாம்பாரிலிருந்து தப்பியது காப்பி மட்டும்தான். பித்தப்பையை நினைத்து வடையைப் பார்த்துவிட்டு எழுந்தேன்.

செவ்வாய்க்கிழமை இன்சூரன்ஸ் மேசைக்காரர் என்னைக் கூப்பிட்டார். மூக்குக் கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர்.

"மேடம், கம்பெனியில இருந்து கேள்வி வந்திருக்கு. வலி ஒரு வருஷமா இருக்குன்னு டாக்டர் எழுதியிருக்காரு. உங்க பாலிசி ஆரம்பிச்சு எட்டு மாசம்தான். அப்போ இது பழைய வியாதி. பழைய வியாதின்னா அவங்க தர மாட்டாங்க."

"கல்லை நான் ஊரிலயிருந்து கொண்டு வரேல்லை. எயார்போட்டில கேட்டுப் பாருங்கோ."

அவர் சிரிக்கவில்லை. "உங்க அட்டெண்டர வரச் சொல்லுங்க. அவங்ககிட்ட வெவரமா சொல்றேன்."

வயிற்றுக்குள் வலி, வெளியே இந்த மனிதர். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது என் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"எங்கிட்ட சொல்லுங்க. நான் அவ அக்கா."

திரும்பினேன். முன்பின் பார்த்திராத ஒரு அம்மா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். பச்சைப் பட்டு, கழுத்தில் கனத்த தாலிக்கொடி, கையில் ஒரு மஞ்சள் பை. மேசைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவங்க ஸ்ரீலங்கா பாஸ்போர்ட். நீங்க?"

"அவளக் கெட்டிக்குடுத்த ஊரு அது. என்ன, சொல்லுதியளா இல்லையா?"

அவர் சொன்னார். அந்த அம்மாவின் திருநெல்வேலிப் பேச்சும் என் யாழ்ப்பாணப் பேச்சும் சென்னைக் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்டிருக்க வேண்டும். எல்லாம் கேட்டு முடித்து, என்னை ஒரு நாற்காலிக்கு இழுத்துப் போனார்.

"ஒரு வருஷம் வலிச்சா யாரும் சும்மா இருப்பாளா? நெசத்தச் சொல்லுங்க."

"மூண்டு கிழமை. டொக்டர் பார்க்கவேணும் எண்டு கொஞ்சம் கூட்டிச் சொல்லிப்போட்டன்."

"நல்லாச் சொன்னிய. டாக்டருக்குக் கூட்டிச் சொல்லலாம், அவரு இன்சூரன்ஸ்காரனுக்கு எழுதுதாருன்னு தெரியாண்டாமா?" என்றார். பிறகு யோசித்தார். "வேலைக்குச் சேரும்போது ஒடம்பச் சோதிக்கலையா?"

சோதித்திருந்தார்கள். வயிற்றை ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்று கிண்டியில் ஒரு பரிசோதனை நிலையத்தில் எழுதித் தந்திருந்தார்கள். எனக்கு அது நினைவிலேயே இல்லை. அந்த அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குள் நுழைந்து, "இவ சொன்னது அம்புட்டும் பொய்யி சார். நல்ல பிள்ளதான், ஊர்ப் பழக்கம்" என்றார். டாக்டர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். பழைய ஸ்கேனை அலுவலகத்திலிருந்து வாங்கிக் காட்டியதும் திருத்தி எழுதித் தந்தார். புதன்கிழமை சாயங்காலம் அனுமதி வந்தது.

அந்த அம்மாவின் பெயர் செல்லக்கனி. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், தி.நகரில் பாத்திரக்கடை. எனக்காக ஏன் பொய் சொன்னீர்கள் என்று கன்டீனில் வைத்துக் கேட்டேன். காப்பியை ஆற்றிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார்.

"எனக்கு மார்ல ஒரு கட்டி. அடுத்த வாரம் வெட்டணும். கூட ஆளு வேணுங்கான். பாண்டி பஜார்ல கல்ல விட்டு எறிஞ்சா எங்க சொந்தக்காரன் மேலதான் விழும். ஒருத்தரையும் கூப்பிட முடியாது."

"ஏன்?"

மஞ்சள் பையைத் தொட்டுக் காட்டினார். உள்ளே கல்யாணப் பத்திரிகைகள். ஒரே மகள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நாலு கடை தள்ளி நகைக்கடை வைத்திருக்கிறார்கள். "தாய்க்கு இருந்தா மகளுக்கும் வரும்பாக. கெட்டதோ நல்லதோ, கட்டின்னு காதுல விழுந்தாப் போதும், கல்யாணம் நின்னுரும். என் பிள்ள ஆசப்பட்ட பையன். எங்க வீட்டுக்காரவுகளுக்குச் சொன்னா கல்லாவுல உக்காந்து அழுவாக, அப்புறம் தெருவே கேக்கும்."

கடைக் குடும்பத்துக்கெல்லாம் சேர்த்து காப்புறுதி இருந்தது. ஆனால் அதில் விண்ணப்பித்தால் அந்த நிமிடமே மூத்த மகனின் போனுக்கு மெசேஜ் போய்விடும். அதை நிறுத்த முடியுமா என்று கேட்கத்தான் மேசைக்கு வந்திருந்தார். முடியாது என்றார்கள். சொந்தச் சீட்டுப் பணத்தில் கட்டிவிட முடிவெடுத்துவிட்டார். அட்டெண்டருக்குத்தான் வழி தெரியவில்லை. அந்த நேரத்தில் என் குரல் காதில் விழுந்திருக்கிறது.

"இந்த ஊர்ல ஒருத்தரையும் தெரியாத ஆளா வேணும்னு முருகன்கிட்ட கேட்டேன். கடல் தாண்டி அனுப்பிட்டான். வியாழக்கிழம உனக்கு நான் நிக்கேன். அடுத்த வாரம் எனக்கு நீ நில்லு."

எட்டு மாதமாக இந்த ஊரில் எனக்கு ஆளில்லை என்று நான் வருந்திக்கொண்டிருந்தது, ஒருவருக்கு இப்படித் தேவைப்படும் என்று கனவிலும் நினைக்கவில்லை. சரி என்றேன். அவர் பேச்சில் நீங்கள் போய் நீ வந்துவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை நான் மயக்கம் தெளிந்தபோது அக்கா கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். இந்த ஊரில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. வெட்டி எடுத்ததை அட்டெண்டரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள், ஏமாற்றவில்லை என்பதற்குச் சாட்சியாக. கல்லை ஒரு சின்னப் போத்தலில் போட்டுக் கையிலும் கொடுத்துவிட்டார்கள்.

"பச்சப்பயறு கணக்கா, அம்புட்டும் ஒரே சைஸு. எங்க கடையில எடை போட்டா நல்ல வெலைக்குப் போவும்" என்றார். நான் தூங்கிய நேரத்தில் போத்தலை வார்டு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். பங்களாதேஷ் குடும்பத்துப் பெரியவர் தன் மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டதை நர்ஸ் வந்து சொன்னார். "அந்த அம்மா தன் தங்கையின் கல்லை விற்கிறாரா?" என்று கேட்டாராம்.

மறுநாள் தூக்குச்சட்டியில் சொதி கொண்டுவந்தார். திருநெல்வேலிக் கல்யாணங்களில் போடுகிற சொதி, தேங்காய்ப்பாலும் காய்கறியுமாக. எங்கள் ஊர்ச் சொதிதான் அசல், இது ஏதோ குழம்பு என்றேன். உங்க ஊர்ல அதுக்குப் பேரு சொதின்னா நாங்க அழுதுருவோம் என்றார். நர்ஸ் வந்து, எண்ணெய்ப் பதார்த்தம், தேங்காய்ப்பால் எதுவும் கூடாது என்று சட்டியை மூடிவிட்டார். கடைசியில் ரசம் சாதத்தை விழுங்கிக்கொண்டே சொதியைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். கணவரிடம் போனில், "எல்லாம் முடிஞ்சுது, ஒரு தெரிஞ்ச ஆள் கூட நிண்டவ" என்று மட்டும் சொன்னேன். விவரம் சொல்லப் போனால் அக்காவின் கட்டியையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்த வாரம் அக்காவின் முறை. வயிற்றில் மூன்று பிளாஸ்திரியோடு காலையிலேயே போய்விட்டேன். வீட்டில் பத்திரிகை வைக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். காலையில் வெட்டினால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். ஊசிப் பரிசோதனையில் திட்டமாகத் தெரியவில்லையாம். கட்டியை எடுத்த உடனே அங்கேயே சோதித்துச் சொல்லிவிடுவார்கள்.

கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில் தங்கை என்று எழுதினேன்.

உள்ளே போகுமுன் நகை எல்லாம் கழற்ற வேண்டும் என்றார்கள். அக்கா வளையலைக் கழற்றினார், தோட்டைக் கழற்றினார். தாலிக்கொடியில் கை வைத்ததும் நின்றுவிட்டார். கல்யாணம் கட்டியதிலிருந்து கழற்றியதில்லையாம். என் இரண்டு கையையும் பிடித்து அதற்குள் வைத்து மூடினார். அப்படி ஒரு பாரத்தை நான் கையில் வைத்ததில்லை.

"அக்கா, என்னை உங்களுக்கு ஒரு கிழமையாத்தான் தெரியும்."

"சவத்த விட்டுத் தள்ளுட்டி. உன் பித்தப்பையையே பாத்துட்டேன். இனி என்ன தெரியணும்?" என்றார். கதவு வரை போய்த் திரும்பி, "பெரியவன் போன் பண்ணுவான். எடுக்காத. உன் பேச்சக் கேட்டா ஓடியாந்துருவான்" என்றார்.

தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்தேன். தாலியைக் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்திருந்தேன். மஞ்சள் பைக்குள் போன் அடித்தது. பெரியவன். அடித்து ஓய்ந்து, திரும்ப அடித்தது. ஆகாத செய்தி வந்தால் அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வேன்? பையிலுள்ள பத்திரிகைகளை என்ன செய்வேன்? என் வயிற்றை வெட்டப் போன அன்றுகூட எனக்கு இவ்வளவு பயம் இருக்கவில்லை. நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டேன், திருச்செந்தூர் முருகனையும் கூப்பிட்டேன். இரண்டும் ஒரே ஆள்தானே, கோபிக்க மாட்டார் என்று நினைத்தேன்.

"செல்லக்கனி அட்டெண்டர்" என்று கூப்பிட்டார்கள். ஓடினேன். தையல் இழுத்தது. டாக்டர் ஒரு தட்டை நீட்டினார். நெல்லிக்காய் அளவில் ஏதோ ஒன்று. எனக்குப் பார்க்க முடியவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

"சாதாரணக் கொழுப்புக் கட்டிதாம்மா. கேன்சர் இல்ல. உங்க அக்காவுக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

அந்த இடத்திலேயே அழத் தொடங்கிவிட்டேன். ஒரு நர்ஸ் நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் தந்தார். நல்ல செய்தி கிடைத்தால் அட்டெண்டர்கள் உடனே போனை எடுத்து ஊருக்கெல்லாம் சொல்வார்கள். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அக்காவின் வீட்டில் ஒருவருக்கும் சொல்லக்கூடாது. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. கணவரைக் கூப்பிட்டேன். வேலையில் இருந்தார்.

"அக்காவுக்கு ஒண்டும் இல்லையாம்" என்றேன். அதற்கு மேல் கதைக்க வரவில்லை. விக்கி விக்கி அழுதேன்.

அவர் பயந்துபோனார். "எந்த அக்கா? என்னப்பா சொல்லுறாய்? உங்கட வீட்டில நீதானே மூத்தது?"

"அது போன கிழமை வரைக்கும்" என்றேன்.